மாற்றி அழுத்த ஓர் ஆள்

நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் பயிற்சிக்குப் பொம்மை ஒன்று, பிள்ளைகள் நாற்பது. அதுவும் வருகைப் பதிவேட்டு வரிசைப்படி. வகுப்பே 'குச்சி' என்று கூப்பிடும் அந்தப் பெண்ணின் எண் முப்பத்தெட்டு. கடைசி மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம். அவளுக்கு இருப்பே கொள்ளவில்லை.

மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த அப்பா வீடு திரும்பி ஒன்பது நாள்தான் ஆகிறது. அம்மா மாலை ஷிஃப்டுக்குப் போய்விட்டால் இவள் ஒருத்திதான் துணை. அவர் கண்ணயர்ந்தால் போதும், நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தபடியே நிற்பாள். நின்றுவிட்டால் என்ன செய்வது? அதைக் கற்றுக்கொள்ளாமல் இன்று வீட்டுக்குப் போவதாக இல்லை.

முன்னால் பையன்கள் கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பொம்மையைப் பார்த்து, "ஹெட்மாஸ்டர் சார், எந்திரிங்க, பரீட்சையை ரத்து பண்ணிட்டுப் போங்க!" என்று கெஞ்ச, வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆளுக்கு ஐந்து அழுத்து. சரியான ஆழம் போனால் பொம்மைக்குள் 'டக்' என்று சத்தம் கேட்கும். ஐந்து முடிந்தால் அடுத்த ஆள், நேரம் இல்லையாம். மனுஷ நெஞ்சு ஐந்தோடு திருப்தி அடைந்துவிடுமா என்ன!

ஒருவழியாக அவள் முறை வந்தது. அழுத்தினாள். சத்தமே இல்லை.

"முழங்கையை மடக்காதம்மா. கை பலம் பத்தாது, உடம்பு கனத்தைப் போடு" என்றாள் பயிற்சி தர வந்த ஆம்புலன்ஸ் அக்கா.

டக். டக். ஐந்து முடிந்தும் குச்சி எழுந்திருக்கவில்லை. மணி அடித்தது, எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவள் விடவில்லை. நூற்றைத் தாண்டியதும் கை சோர்ந்தது. நூற்றைம்பதில் டக் நின்றுபோனது. எவ்வளவு அழுத்தியும் வரவில்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"ரெண்டு நிமிஷத்துக்கு மேல எனக்கே வராதும்மா" என்றாள் அக்கா. "ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு, நாங்க வர்ற வரைக்கும் ரெண்டு பேர் மாத்தி மாத்தி அழுத்தணும். யாருக்காக இவ்வளவு பாடு?"

"அப்பாவுக்கு. வீட்ல வேற யாரும் இல்லக்கா."

"அக்கம்பக்கத்துல?"

எதிர்வீட்டு ஆன்ட்டி இருந்தாள். நடைவழியில் அவள் வைத்த செருப்பு ஸ்டாண்டுக்காக அம்மாவோடு சண்டை. ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அம்மாவைக் கண்டாலே கதவை அறைந்து சாத்துவாள், ஜன்னலெல்லாம் அதிரும். பஸ்ஸில் வரும்போது குச்சிக்குக் கதவை அறையும் அந்தக் கையின் பலம்தான் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

அம்மா வேலைக்குக் கிளம்பினாள், அப்பா தூங்கினார். குச்சி ஒரு தலையணையை எடுத்துக்கொண்டு போய் எதிர்க்கதவைத் தட்டினாள்.

"என்ன?" ஆன்ட்டியின் முகம் கடுகடுவென்று இருந்தது.

"அப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னால ரெண்டு நிமிஷம்தான் நெஞ்சை அழுத்த முடியும் ஆன்ட்டி. அப்புறம் நீங்க வரணும்."

ஆன்ட்டி அவளையும் தலையணையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தலையணையை வாங்கிக் கீழே போட்டு, செருப்பு ஸ்டாண்டைக் காலால் ஒதுக்கிவிட்டு, நடைவழியிலேயே மண்டியிட்டாள்.

"எங்க அழுத்தணும்? காட்டு."