உப்புக்காற்று இருமல்

கணவன் மணிவண்ணனின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிவிட்டு வைஜெயந்தி நிமிர்ந்தபோது, பந்தலில் சகாதேவன் மறுபடியும் அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் விதிங்க. உப்புக்காத்து இருமல்னுதான் இருந்தோம். நாம என்ன பண்ண முடியும்?"

மணிவண்ணனுக்கு அண்ணன் அவர்; உப்பளத்து மேஸ்திரி. ஆட்களுக்கு வேலை சொல்லும் வாய் நோய்க்கும் வைத்தியம் சொல்லும். காய்ச்சலின் மூன்றாம் நாள் மணிவண்ணன் ஒரு வாய்க் கஞ்சிக்கு நாலு தடவை மூச்சு வாங்கினான். இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள் வைஜெயந்தி.

"உப்பு வாருறவனுக்கு இருமல் வராம பின்ன என்ன வரும்? எட்டாவது படிச்சவ டாக்டராயிட்டியா?" என்று அடக்கிவிட்டு, மருந்துக்கடையில் ஏதோ மாத்திரை வாங்கிக் கொடுத்தார். ஐந்தாம் நாள் உதடு நீலம் பாரித்த பிறகுதான் வண்டி வந்தது.

"வைரஸ் காய்ச்சல்மா. நுரையீரல் ரெண்டும் போயிடுச்சு. மூச்சு வாங்கறப்பவே கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார் டாக்டர். அந்த நேரம் பார்த்து சகாதேவன் டீ குடிக்கப் போயிருந்தார்.

இப்போது துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். கண்ணில் ஈரமே இல்லை. பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

"தம்பிகிட்ட நான்... அப்பவே... சொன்னேன்..."

அவள் பார்வை அவர்மேல் நின்றது. பொய் சொல்லத் திணறுகிற ஆள் இல்லை அவர். மூச்சுதான் பத்தவில்லை. தோள் ஏறி இறங்கியது. நேற்றிலிருந்து அவர் இருமியதை எல்லாரும் அழுகை என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பார்க்காததுபோல் இருந்துவிடலாம். கொஞ்ச நேரம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து அவர் மகனிடம் போனாள்.

"சிலம்பரசா, நூத்தியெட்டுக்குப் போன் போடு. உங்கப்பாவுக்கு மூச்சு வாங்குது. உதட்டப் பாரு."

"சாவு வூட்ல... ஆம்புலன்ஸா... ஊரு சிரிக்கும்" என்றார் சகாதேவன்.

"சிரிக்கட்டும் மாமா. உங்களுக்கும் சேத்து அழ எங்கிட்ட கண்ணீர் இல்ல."

வண்டி வந்தது. மேளக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். முகமூடிக்குள்ளிருந்து அவர் அவளைப் பார்த்து ஏதோ சொன்னார். ஆக்சிஜன் இரைச்சலில் கேட்கவில்லை. என்னவென்று அவள் கேட்கவும் இல்லை. கதவு சாத்தியதும் உள்ளே போய், மணிவண்ணன் உதட்டில் உட்கார்ந்திருந்த ஈயை விரட்டினாள்.