முன்வரிசையில் சதீஷ்

அட்டையைத் திருப்பிப் பார்த்த முருகேஸ்வரி அதைச் சட்டென்று மறுபடி கவிழ்த்தாள்.

படத்தில் அவள் அண்ணன்.

பள்ளிவாசல் என்ற மலை ஊருக்குப் பக்கத்தில் ரிசார்ட் ஒன்றின் சாப்பாட்டு அறை. மதிய உணவு முடிந்து மேசைகளைத் துடைத்தபின், அதே மேசைகளில் ஊழியர்களுக்கு ஆங்கில வகுப்பு நடக்கும். பத்திரிகைகளில் வெட்டிய படங்களை அட்டையில் ஒட்டி ஆளுக்கொன்று கொடுப்பார் சுவக்கீன் சார். படத்தில் இருப்பதை முதலில் வர்ணிக்க வேண்டும். பிறகு அதைப் பற்றித் தன் அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டும்.

முருகேஸ்வரிக்கு வந்தது, கீழே 'கொச்சி' என்று மட்டும் அச்சான ஒரு ப்ரைட் ஊர்வலம். ஆணை விரும்பும் ஆண்களும், பெண்ணை விரும்பும் பெண்களும், திருநங்கைகளும் தங்களை ஒளிக்காமல் தெருவில் நடக்கும் நாள். பல வண்ணக் கொடிகள். முன்வரிசையில் கொடிக்கம்பைப் பிடித்தபடி, வாய் திறந்து கோஷம் போடும் சதீஷ்.

கஞ்சிக்கோட்டில் தொழிற்சாலை வேலையில் இருக்கும் சதீஷ். நாளைக் காலை மாரியம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்காக வீட்டுக்கு வரப்போகும் சதீஷ். "பொண்ணுக மேல எனக்கு மனசு போகல ஈஸ்வரி. அப்பாகிட்ட நானே சொல்லுதேன். கொடை முடியட்டும்" என்று போன வாரம் அவளிடம் மட்டும் சொல்லியிருந்த சதீஷ்.

"எழுந்திரிங்க முருகேஸ்வரி. டிஸ்க்ரைப்."

எழுந்தாள். "திஸ் இஸ் எ பரேட் சார். மெனி பீப்பிள். வெரி க்ரௌடட். வெரி கலர்ஃபுல்."

"குட். இனி ஒப்பினியன்."

"அதுவும்... கலர்ஃபுல் சார்."

வகுப்பு சிரித்தது. சார் சிரிக்கவில்லை. "அது உங்க கண்ணு சொல்றது. நீங்க என்ன சொல்றீங்க?" என்று பலகையைக் காட்டினார். வாக்கியத் தொடக்கங்களை வரிசையாக எழுதியிருந்தார். ஐ சப்போர்ட். ஐ டோண்ட் அக்ரீ. ஐ ஆம் ப்ரௌட் ஆஃப். ஐ ஆம் நாட் ஷ்யூர். "ஏதாவது ஒண்ணுல ஆரம்பிச்சு முடிங்க. தப்பு வந்தா பரவாயில்ல."

"ஐ ஆம் நாட் ஷ்யூர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அடுத்த நொடி, பக்கத்து மேசையிலிருந்து ஒரு கை அட்டையைப் பறித்தது. வேல்முருகன். அறைகளைச் சுத்தம் செய்பவன், தேயிலைத் தோட்டத்தில் அவள் குடியிருக்கும் அதே லயத்து வரிசை வீடுகளைச் சேர்ந்தவன்.

"ஏலே, இது நம்ம சதீஷுல்லா!"

அவள் கை நீட்டுவதற்குள் போனில் படம் எடுத்துவிட்டான். லயத்து வாட்ஸ்அப் குழுவில் 'நம்ம சதீஷ்!' என்று போட்டுக் கூடவே சிரிக்கும் முகங்கள் நாலைந்தையும் தட்டிவிட்டான்.

அண்ணனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. வேலை நேரத்தில் தொழிற்சாலைக்குள் போனை விடமாட்டார்கள்.

மாலை ஜீப்பில் வேல்முருகன் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான்.

"எதுக்கு வேலு இப்படிப் பண்ணுன?"

"சும்மா தமாசுக்குத்தாம்ட்டி. ஒங்க அய்யா என்ன சொல்லுதாருன்னு பாப்பமே."

"ஒனக்குத் தமாசு. நாளைக்கு அவன் வீட்டுக்குள்ள கால் வைக்கணும்."

வேல்முருகன் வெளியே பார்த்தான்.

அவள் அப்பா சோலையை அந்த மலையில் எல்லாருக்கும் தெரியும். தொழிற்சங்கத்துக்காரர். தோட்டத்தில் வேலைநிறுத்தச் சமரம் நடந்தபோது அதை மீறி வேலைக்குப் போன சொந்தத் தம்பியிடம், தம்பி சாகிறவரைக்கும் ஒரு வார்த்தை பேசாதவர். அவர் ஒரு கதவைச் சாத்தினால் சாத்தியதுதான். நாளைக்குச் சதீஷ் வந்து நிற்கும்போது அந்தக் கதவு திறந்திருக்குமா?

லயத்து வாசலில் கூட்டம். நடுவில் அப்பா. கையில் போன். ஜீப் நிற்குமுன்பே குதித்து அவரிடம் ஓடினாள்.

அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி ஈஸ்வரி, பாத்தியா ஒங்கண்ணன? முன்வரிசை! ஜாதாவுல முன்வரிசை!"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஜாதா என்பது சங்க ஊர்வலத்துக்கு அப்பா சொல்லும் வார்த்தை. அப்பா போனைக் கூட்டத்துக்குக் காட்டினார். "கொடிய நல்லாப் பாருங்க. செகப்பு இருக்கு, நீலம் இருக்கு, பச்ச, மஞ்ச எல்லாம் இருக்கு. எல்லா சங்கமும் ஒண்ணாச் சேந்திருக்கு. இங்க எத்தன தடவ பேசிப் பாத்தோம், ஒருத்தன் வந்தா இன்னொருத்தன் வரமாட்டான். கொச்சியில பயலுவ கூட்டு ஜாதாவே நடத்திட்டானுவ!"

அம்மா முத்துப்பேச்சி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "பெருமையப் பாரு. கம்பெனியில இதப் பாத்தா வேலைய விட்டுத் தூக்கிருவான்."

"தூக்கட்டும். நான் பாக்காத சஸ்பென்சனா?"

வேல்முருகன் கூட்டத்தில் நுழைந்தான். உதட்டோரம் சிரிப்பு. "எந்த யூனியன் மாமா இது?"

"அதத்தான் நானும் கேக்கேன். ஏட்டி, கோரிக்கை என்ன? கூலியா, போனஸா?"

எந்த ஊர்வலம் கடந்து போனாலும் அப்பா முதலில் கேட்பது இதுதான். வேல்முருகன் வாயைத் திறப்பதை முருகேஸ்வரி பார்த்தாள். அவன் சொன்னால் அது சிரிப்பாக வெளியே வரும். லயம் முழுக்கச் சிரிக்கும். அப்பா அந்தச் சிரிப்போடு சேர்த்துத்தான் அதைக் கேட்பார்.

"அப்பா, உள்ள வாங்க."

"இங்கனயே சொல்லு. ஜாதாவுல என்ன ரகசியம்?"

"உள்ள வாங்கப்பா."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவரை நகர்த்தியது. கூட்டம் மெல்லக் கலைந்தது. வேல்முருகன் மட்டும் பின்னாலேயே வந்து நிலைப்படியில் நின்றான்.

"இது கூலிக்கு நடந்த ஜாதா இல்லப்பா. சதீஷுக்குப் பொண்ணுக மேல இஷ்டம் வராது. ஆம்பளைங்க மேலதான். இந்த மாதிரி இருக்கவங்க எல்லாம் சேந்து நடத்துனது. எங்கள நாங்களா இருக்க விடுங்க, மறைஞ்சு வாழ வைக்காதீங்க. அதான் கோரிக்கை."

அடுப்பில் தேநீர் பொங்கி வழிந்தது. அம்மா அணைக்கவில்லை.

அப்பா போனை இன்னொரு முறை பார்த்தார். கொடிகளைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பும் பெருமையும் ஒவ்வொன்றாக இறங்கின.

"யாருகிட்ட?" குரல் உடைந்திருந்தது. "எந்த மொதலாளிகிட்ட வைக்கான் இந்தக் கோரிக்கைய?"

"நம்மகிட்டத்தாம்ப்பா."

அப்பா போனைக் கீழே வைத்தார்.

"நீ என்ன நெனைக்க?" என்றார் திடீரென்று, அவளை நேராகப் பார்த்து.

மதியம் தப்பித்த கேள்வி. இப்போது தப்பிக்க ஒரு வழியும் இல்லை. அவள் தேடவும் இல்லை.

"நான் அவன் பக்கம்ப்பா. நாளைக்கு நீங்க அவன உள்ள விடலன்னா, நானும் அவங்கூட வெளியதான் நிப்பேன்."

நிலைப்படியில் வேல்முருகனின் சிரிப்பு எப்போதோ போயிருந்தது. "மாமா... குழுவுல இருந்து படத்த எடுத்திரட்டுமா?"

"எல்லாவனும் பாத்தாச்சு. இனி எடுத்து என்ன? போ, வீட்டுக்குப் போ."

அவன் போனான். அப்பா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். கோயில் பக்கம் கொடைக்கு ஒலிபெருக்கி கட்டிச் சோதிக்கும் சத்தம் கேட்டது.

"சமரத்தப்ப எஸ்டேட் தொர பங்களா கேட்டுல மழையோட நின்னோம்" என்றார் யாரிடமோ சொல்வதுபோல. "கையில நிவேதன மனு. நாலு வரிக் கோரிக்கை. தர முடியாதுன்னு அவன் சொல்லிருந்தாகூட மனசு ஆறிருக்கும். காயிதத்தக் கையிலயே வாங்கல. காவக்காரன விட்டு வெரட்டச் சொன்னான்."

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அதுக்காக? வாற புள்ளைய நீங்களும் அப்படித்தான் நிறுத்துவீகளோ?"

அப்பா அவளை முறைத்தார். அப்புறம் தலையைத் தொங்கப்போட்டார்.

"வரச் சொல்லு. உள்ள வந்து உக்காரட்டும். அவன் வாயால சொல்லட்டும், வாங்கிக்கிடுதேன். ஆனா சரின்னு சொல்லிருவேன்னு மட்டும் யாரும் நெனச்சிராதிய. எனக்கு முடியுமான்னே தெரியல."

முருகேஸ்வரி அண்ணனுக்குத் தட்டினாள். 'அப்பாவுக்குத் தெரிஞ்சிருச்சு. நாந்தான் சொன்னேன். வரச் சொல்லுதாக. பேசணுமாம்.'

மலையில் சிக்னல் தேடித் தேடி, ஒருவழியாகச் செய்தி போய்ச் சேர்ந்தது.

"பாத்துட்டானா?" என்றார் அப்பா.

"இன்னும் இல்லப்பா. வேலையில இருப்பான்."

அம்மா போய் அடுப்பை அணைத்து, வற்றி மிஞ்சிய தேநீரை டம்ளரில் ஊற்றினாள். அப்பா தேநீரை வாங்கினார். குடிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார்.

"வருவான்லட்டி?" என்றார். "நீ எங்கிட்ட சொல்லிட்டன்னு பயந்து, வராம இருந்துற மாட்டானே?"