கடைசி வீட்டுக்கு அடுத்த வீடு

மலேசியாவில் லாபு பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், கடைசி வீடு என்று ஒன்று கிடையாது என்பது, தோட்டம் கைமாறிய வருடம்தான் தெரியவந்தது. அதுவரை இருபது வீடுகள், அப்புறம் காடு என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். போய்ப் பார்க்க யாருக்கும் அங்கே வேலை இருந்ததில்லை. தாமான் என்கிற புதுக் குடியிருப்பு கட்ட நிலம் வாங்கிய கம்பெனி, சாலையோரத்து முதல் வீட்டை இடிக்க மண்வாரியை அனுப்பிய அன்று, அந்த வீட்டுக்காரி பஞ்சாலை, அடுப்பையும் பாயையும் தூக்கிக்கொண்டு லயத்தின் மறுகோடிக்கு நடந்தாள். இருபதாவது வீட்டுக்கு அடுத்து இன்னொரு வீடு நின்றது. தகரக் கூரை, குசினி, குழாயில் தண்ணீர், பூட்டில்லாத கதவு. அதற்கடுத்தும் ஒன்று இருந்தது, அதற்கடுத்தும். நில அளவைக்காரர்கள் காலையில் நாடாவோடு போய், பொழுது சாயத் திரும்பி வந்து, வரைபடத்தின் ஓரத்தில் மூன்று புள்ளி வைத்துவிட்டுக் கோப்பி கேட்டார்கள். நெடுஞ்சாலையும் அந்தத் திசையில்தான் போகிறது. லயம் அதை எட்டவும் இல்லை, தாண்டவும் இல்லை.

பஞ்சாலையின் புருஷன் செம்பனைக் குலை அறுக்கும்போது அது தலையில் விழுந்து செத்தவன். அதற்குப் பிறகு அவள் உதிரிப் பழம் பொறுக்கிய கூலியில் படித்தவள்தான் தங்கை திலகா. சிரம்பானில் இடைநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். செய்தி கேட்டு அன்று மாலையே வந்தாள். எல்லாக் குடும்பத்துக்கும் மாற்று வீடு கட்டித் தருவதாக கம்பெனி மேனேஜர் தர்மேந்திரன் கோயில் முன்னால் நின்று சொன்ன வாக்கு இன்னும் பழசாகவில்லை. அது வரும்வரை எங்கே இருப்பது என்று ஜனங்கள் கலங்கி நின்றபோது, திலகா அதே இடத்தில் நின்று முதல் தடவையாக விளக்கினாள். "இந்த லயத்துக்கு முடிவில்ல. முதல் வீடு போச்சுன்னா எல்லாரும் ஆளுக்கொரு வீடு தள்ளிப் போங்க. யாரும் வெளிய நிக்க வேணாம். பக்கத்து வீட்டுக்காரங்களும் மாற மாட்டாங்க." வகுப்பில் பிள்ளைகளுக்கு எத்தனை தரம் சொன்னாலும் ஏறாத விஷயம், அடுப்பைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு உடனே புரிந்தது. அன்றைக்குச் சிலர் சிரிக்கக்கூடச் செய்தார்கள்.

வாரத்துக்கு ஒரு வீடு இடிந்தது. திங்கட்கிழமை விடிந்ததும் எல்லாரும் ஒரு வீடு தள்ளிப் போனார்கள். மண்வாரி ஓட்டிய வசந்தன் நல்ல பையன். இடிப்பதற்கு முன் கதவைத் தட்டி, "சாமான் எல்லாம் எடுத்தாச்சாக்கா?" என்று கேட்பான். பஞ்சாலை அவனுக்குக் கோப்பி கொடுப்பாள். ஒருநாள் அவன் திலகாவிடம் இது எப்போது முடியும் என்று கேட்டான். "முடியாது" என்றாள். "எவ்ளோ இடிச்சாலும் மீதி அதேதான்." "அப்ப எனக்கு வேலை போகாதுலா" என்றான். அடுத்த மாதம் அவனுக்குப் பெண் பார்த்தார்கள். நிரந்தர வேலை என்று பெண் வீட்டில் சொன்னார்கள். அது பொய்யில்லை.

லயம் முன்னே முன்னே நகர, சாலை பின்னே போனது. பள்ளிப் பேருந்துக்குப் பிள்ளைகள் இருட்டிலேயே கிளம்பினார்கள். மாற்று வீட்டின் அடையாளமே இல்லை. கடைசியில் வழக்குப் போட்டார்கள். லயம் எப்படிப்பட்டது என்று நீதிபதிக்குச் சொல்லப் படித்த ஆள் வேண்டும் என்றதால் திலகா சாட்சிக் கூண்டில் ஏறினாள். வாழ்நாளில் அவள் அவ்வளவு தெளிவாகப் பாடம் நடத்தியதில்லை. நீதிபதி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு கம்பெனி வக்கீல் ஜீவானந்தன் எழுந்தார். மெதுவாகப் பேசுகிற, மரியாதை தெரிந்த மனிதர்.

"டீச்சர், இந்த வரிசையில ஒரு வீட்ட எடுத்துட்டா, மிச்சம் எவ்வளவு?"

"அதேதான். முடிவில்லாதது."

"நூறு வீட்ட எடுத்தா?"

"அதேதான்."

"அப்ப இவங்க இழந்தது என்ன?"

திலகா வாயைத் திறந்தாள். கணக்கில் அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அதைச் சொல்ல அவளால் முடியவில்லை. சொல்லாமல் நின்றதையே பதிலாக எழுதிக்கொண்டார்கள். யாரும் எதையும் இழக்கவில்லை, ஆகவே யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை என்று தீர்ப்பானது. வெளியே வந்தபோது தோட்டத்து ஆட்கள் யாரும் அவளைத் திட்டவில்லை. பஞ்சாலை மட்டும் அவள் கையைப் பிடித்து, "மத்தியானம் ஆச்சு, சாப்பிட்டியா?" என்று கேட்டாள். திலகா அழுதது அப்போதுதான்.

தீர்ப்பு மற்ற தோட்டங்களுக்கும் எட்டியது. விற்கிற ஒவ்வொரு தோட்டத்திலும் ஆட்களை லோரியில் ஏற்றி, "லாபுல எடம் இருக்கு" என்று அனுப்பினார்கள். முதலில் ரெம்பாவ் பக்கத்தார் வந்தார்கள், பிறகு ஜொகூர்க்காரர்கள், பேராக்காரர்கள். போன வருடம் வெளியேற்றப்பட்டவர்களும், அதற்கு முன் வெளியேற்றப்பட்டு எங்கே போனார்கள் என்று யாரும் கேட்காதவர்களும் வந்தார்கள். லோரி வரிசைக்கும் கடைசி கிடையாது என்பது அப்போது தெரிந்தது. ஒரு நாள் மழையில் லயத்தின் எல்லா வீடுகளிலும் விளக்கு எரிய, வெளியே இன்னொரு முடிவில்லாத வரிசை கைக்குழந்தைகளோடு நனைந்துகொண்டு நின்றது. ஒரு வீடு தள்ளினால் ஒரு குடும்பத்துக்குத்தான் இடம். திலகா வீடுவீடாகப் போய் இரண்டாம் தடவை விளக்கினாள்: உங்கள் வீட்டு எண்ணை இரண்டால் பெருக்குங்கள், அந்த எண்ணுள்ள வீட்டுக்குப் போங்கள். ஒற்றைப்படை வீடுகளெல்லாம் காலியாயின. மழை விடுவதற்குள் நனைந்தவர்கள் எல்லாரும் கூரைக்குக் கீழே வந்துவிட்டார்கள். பஞ்சாலைக்கும் அவளுடைய அடுத்த வீட்டு மோகனாவுக்கும் நடுவில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது.

அப்புறம் மாதம் தவறாமல் வரிசைகள் வந்தன. ஒவ்வொரு தடவையும் எண்கள் இரட்டித்தன. ஒன்று இரண்டானது, இரண்டு நாலானது, நாலு எட்டானது. அப்புறம் அந்த எண்களைக் கதவில் எழுத இடம் போதவில்லை. மோகனாவைப் பஞ்சாலை பிறகு பார்க்கவே இல்லை. கைத்தொலைபேசிக்கு அலை கிடைக்காத தூரத்துக்குப் பஞ்சாலை போய்ச் சேர்ந்தபோது, திலகா பள்ளி விடுமுறையில் நடந்தே கிளம்பினாள். விடியலில் புறப்பட்டு, வீடுகள், வீடுகள், ஒரே மாதிரி தகரக் கூரைகள் வழியாக நடந்து பொழுது சாயும் நேரம் அக்காவின் கதவை அடைந்தாள். பஞ்சாலை இளைத்திருந்தாள். சர்க்கரை வியாதிக்கான இனிப்புநீர் மாத்திரை தீர்ந்து வெகு நாளாகியிருந்தது. கிளினிக் முதல் வீட்டுப் பக்கம்தான்.

"என்னோட சிரம்பானுக்கு வந்துரு அக்கா."

"உன்னோட வந்துட்டா, இவளுக்கு வீடு வேணாமாம்னு கம்பெனிக்காரன் எழுதிடுவான். அவரு செத்தது இந்தத் தோட்டத்துல. குடுக்கறேன்னு சொன்னத வாங்காம எப்படிப் போறது?"

பஞ்சாலை கோப்பியை ஆற்றிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"கோர்ட்டுல என்னமோ சொன்னியே, எனக்கு வெளங்கல. இப்ப சொல்லு. முடிவில்லன்னா என்னா?"

திலகா மூன்றாம் தடவையாக ஆரம்பித்தாள். எந்த எண்ணைச் சொன்னாலும் அதற்கு அடுத்து ஒன்று இருக்கும் என்றாள். எவ்வளவு எடுத்தாலும் குறையாது, எவ்வளவு சேர்த்தாலும் நிறையாது என்றாள். பஞ்சாலை முழுவதையும் கேட்டாள்.

"அப்ப, எப்பவும் ஒரு வீடு அடுத்தாப்புல இருக்கும். அதனால நமக்குன்னு ஒரு வீடு எப்பவும் கெடைக்காது. அதானே?"

"அதான்கா" என்றாள் திலகா.

காலையில் நகரும் முறை வந்தது. அடுப்பை அக்கா எடுத்துக்கொள்ள, பாயையும் அரிசி டின்னையும் திலகா தூக்கிக்கொண்டு, அடுத்த எண்ணுக்கு இருவரும் நடந்தார்கள்.

இப்போது அங்கே தபால் போகிறது; தேர்தலுக்குத் தேர்தல் வேட்பாளர்கள் முன்பக்கத்து வீடுகளில் கும்பிடு போட்டுவிட்டுப் போகிறார்கள். வசந்தனுக்கு இரண்டு பிள்ளைகள். அக்காவின் வீடு ஒரு விடுமுறையில் நடந்து அடைகிற தூரத்தைத் தாண்டி வெகு காலமாகிறது. ஆனாலும் திலகா விடுமுறை தவறாமல் மாத்திரைப் பையோடு கிளம்புகிறாள். திரும்பிப் பள்ளிக்கு வர எத்தனை நாள் வேண்டுமோ அத்தனை நாளை மீதி வைத்துவிட்டு, கால் நிற்கிற இடத்தில் நின்று அங்கிருக்கும் வீட்டில் பையைக் கொடுக்கிறாள். பஞ்சாலை என்று பெயர், லாபுக்காரி, முதல் வீட்டில் இருந்தவள் என்கிறாள். அந்த வீட்டுக்காரி பேராக்காரியோ ஜொகூர்க்காரியோ, யார் எவர் என்று கேட்பதில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பையை வாங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போகிறாள்.