கல்யாணப் பக்கத்திலிருந்து ஒரு வழி

பழங்காநத்தத்தில் மலைச்சாமியின் வாடகைக் கடைக்கு இரண்டு வாசல். ரோட்டைப் பார்த்த பெரிய வாசலில் மணமேடை, சீரியல் லைட், மாப்பிள்ளை பெண்ணுக்கான சிம்மாசன நாற்காலி. சந்துக்குள் இருக்கும் சின்ன வாசலில் பிரீசர் பாக்ஸும் பாடையும். நல்லதுக்கு ஒரு போன், கெட்டதுக்கு ஒரு போன்; இரண்டுமே பட்டன் போன். மெசேஜ் வந்தால் கடன் தர்றேன்னு எவனாவது அனுப்பியிருப்பான் என்று படிக்காமலே அழித்துவிடுவார். பிளாஸ்டிக் நாற்காலிகள் மட்டும் இரண்டு வாசல் வழியாகவும் போய்வரும். அதை யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

இந்தக் கடைக்குத்தான் சரண்யாதேவி இணையதளம் செய்தாள். கம்பெனி வேலையை விட்டுவிட்டு, திருநகர் வீட்டு மாடியில் சொந்தமாக உட்கார்ந்து பிடித்த முதல் வேலை. இது நன்றாக வந்தால் மதுரையில் உள்ள மற்ற வாடகைக் கடைக்காரர்களும் வருவார்கள். சொதப்பினால் பழைய மேனேஜர் முன்னால் போய் நிற்க வேண்டும். அந்த ஆளின் சிரிப்பை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் பக்கம் பக்கமாக எழுதுகிறவள் இல்லை. முதலில் ஒரு வரைபடம்: கடையில் என்னென்ன இருக்கிறது, யார் எதை எடுக்கிறார்கள். அதன் மேல் இன்னொரு வரைபடம்: எங்கிருந்து எங்கே போகலாம் என்று அம்புக்குறிகள். இரண்டையும் கொடுத்தால் மென்பொருளே எல்லாப் பக்கங்களையும் கட்டித் தந்துவிடும். ஒரு அம்புக்குறியை மாற்றினால் தளம் முழுக்க மாறும். வசதிதான். தப்பும் அதே வேகத்தில் பரவும் என்பது முதல் நாளே தெரிந்துபோனது. "இதையும் பாருங்கள்" என்று பொதுவாக ஒரு அம்பு போட்டிருந்தாள். காதுகுத்துப் பக்கத்தின் அடியில் பிரீசர் பாக்ஸ் பளபளவென்று வந்து நின்றது.

மலைச்சாமி தலையில் அடித்துக்கொண்டார். "ஏந்தாயி, பிள்ளைக்கு காது குத்த வர்றவன் இதைப் பாத்தா என்னை வெட்டிப் போட்டுருவான். நாற்காலிக் கணக்கு ஒண்ணா இருக்கட்டும். ஆனா இங்கிருந்து அங்க போக ஒரு பொட்டு வழி இருக்கக் கூடாது."

நியாயமான பேச்சு. பொருள்களின் வரைபடத்தை ஒன்றாகவே வைத்துக்கொண்டு, வழிகளின் வரைபடத்தை மட்டும் இரண்டாக வெட்டினாள். கெட்டதுக்குத் தனி இணைய முகவரி; கல்யாணப் பக்கம் வந்தவருக்கு மறுபக்கம் இருப்பதே தெரியாது, தேடினாலும் கிடைக்காது. அப்படியொரு சுத்தமான வேலை. அவளுக்கே அவள் மேல் மரியாதை வந்தது.

தளம் திறந்த புதிதில், வருகிறவர்கள் எந்த வழியாக நடக்கிறார்கள் என்று கணினியில் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒரு மத்தியானம் ராஜபாண்டி தன் பதிவு எண்ணைப் போட்டுத் தளத்துக்குள் வந்தான். திருமங்கலம் பக்கத்து ஊர்க்காரன், தங்கை பாண்டிமீனாவின் கல்யாணத்துக்கு மேடை முதல் பந்தல் வரை பதிவு செய்திருந்தவன். வந்தவன் தேடும் கட்டத்தில் "பிரீசர் பாக்ஸ்" என்று போட்டான். தளம் "இல்லை" என்றது. "ப்ரீஸர்" என்று போட்டான். இல்லை. முகப்புக்குப் போனான், பொருள்கள் பக்கத்துக்குப் போனான், மறுபடி முகப்பு. எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தான்.

சரண்யா உடனே மலைச்சாமிக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, ராஜபாண்டி வீட்டுல ஏதோ ஆயிருச்சு போல. பிரீசர் பாக்ஸ் தேடுறாரு."

"ரெண்டு போன்லயும் வரலையே தாயி."

"நீங்களே கூப்பிட்டுக் கேளுங்களேன்."

"என்னன்னு கேக்குறது? உங்க வீட்டுல யாரும் செத்துப்போயிட்டாங்களான்னா? கல்யாண வீட்டுக்காரன்ட்ட அப்படிக் கேட்டுப்புட்டு நான் கடை நடத்த முடியுமா? கேக்காம அனுப்பி வச்சா அதைவிட மோசம். வெளையாட்டுக்கு எவனும் தேடியிருந்தா, வாசல்ல பொட்டி எறங்கும்போது என்னையவே அதுல படுக்க வச்சுருவாய்ங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் பேச முடிந்தவனாக இருந்தால் இந்நேரம் பேசியிருப்பானே என்று சரண்யா நினைத்தாள். பேச முடியாத இடத்தில் இருக்கிறான். கையில் இருப்பது இந்தத் தளம் ஒன்றுதான், அதில் சுவர் வைத்தவள் அவள்.

வரைபடத்தைத் திறந்தாள். கல்யாண முகப்பிலிருந்து மறுபக்கத்துக்கு ஒரே ஒரு அம்பு. அது ராஜபாண்டியின் பதிவுக்கு மட்டும் தெரியும்படி செய்தாள். அவன் வீட்டு முகவரியும் அந்தக் கல்யாணப் பதிவிலிருந்தே போய்விடும். அம்புக்கு என்ன பெயர் வைப்பது என்பதில்தான் கை நின்றது. பக்கத்தில் யார் எட்டிப் பார்ப்பார்களோ. கடைசியில் "பேச முடியாத இடத்தில் இருக்கிறீர்களா? இங்கே தொடுங்கள்" என்று போட்டாள். பக்கங்களைக் கட்டச் சொல்லிவிட்டு, சாமியைக் கும்பிட்டாள்.

ராஜபாண்டி மறுபடி முகப்புக்கு வந்தான். தொட்டான்.

உடனே பதிவு வந்தது. பிரீசர் பாக்ஸ், பந்தல், நாற்காலி. இறந்தவர் பெயர் கேட்ட இடத்தில் "அப்பா" என்று மட்டும் இருந்தது. கீழே: "பத்திரிகை வைக்கப் போன இடத்துல நெஞ்சுவலி. சித்தப்பா அவரை எங்க வீட்டுக்குக் கொண்டுவாறாரு. நான் கார்ல வாறேன், ஜவுளி எடுத்துட்டு அம்மாவும் தங்கச்சியும் கூட இருக்காங்க. இன்னும் சொல்லலை. போன் பண்ணாதீங்க."

அவள் போனில் படித்துச் சொன்னதும் மலைச்சாமி, "வண்டி கிளம்பிருச்சுன்னு வச்சுக்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மூச்சு விட்டுவிட்டுத் திரையைப் பார்த்தபோதுதான் சரண்யாவுக்குத் தன் தப்பு தெரிந்தது. அம்பு கிளம்பியது கல்யாணப் பக்கத்திலிருந்து. அதனால் மென்பொருள் இதையும் கல்யாணப் பதிவாகவே எடுத்துக்கொண்டு, கல்யாணத்துக்கான கடைசிப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டிருந்தது. இரண்டு வாழைமரம், நடுவில் "தங்கள் இல்லத் திருமணம் இனிதே நடைபெற வாழ்த்துகள்", கூடவே தானாக ஒலிக்கும் கெட்டிமேளம். மலைச்சாமி ஆசைப்பட்டுக் கேட்ட கெட்டிமேளம் அது. உள்ளே போகும் வழியை அவ்வளவு கவனமாகப் போட்டவள், வெளியே வரும் வழியைப் பார்க்கவே இல்லை.

அந்தக் காருக்குள், அந்த அம்மாவின் காதில், கெட்டிமேளம். போதாததற்கு அந்தப் பக்கம் இரண்டாவது தடவையும் திறந்திருப்பதாகத் திரை காட்டியது. நிறுத்தத் தெரியாமல் எதையோ அழுத்தியிருப்பான் பாவம் என்று நினைத்தாள். அவசரமாகச் சத்தத்தை எடுத்தாள். எடுத்து என்ன, எல்லாம் முடிந்திருந்தது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது, தன் மேலேயே ஆத்திரமாகவும் இருந்தது.

காரியம் முடிந்து சாமான் எடுக்க மலைச்சாமி கிளம்பியபோது, தானும் வருவதாக வண்டியில் ஏறிக்கொண்டாள். நடந்ததையெல்லாம் வழியிலேயே சொன்னாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். கப்பலூர் தாண்டும்போது அவர், "பொட்டிய உள்ள வச்சு, அந்தப் பெரியவரையும் படுக்க வச்சப்பறந்தான் கார் வந்துச்சு. அந்த வழிய அடைச்சுறாத தாயி" என்றார்.

ராஜபாண்டி மொட்டைத் தலையோடு பந்தலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். சரண்யா தான் யாரென்று சொன்னாள். மேளச் சத்தத்துக்குத் தான்தான் காரணம் என்றாள். மன்னித்துக்கொள்ளச் சொன்னாள்.

அவன் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தான்.

"சத்தமாத்தான்க்கா வந்துச்சு. நான் முன்சீட்டுல இருந்தேன். அம்மா பின்னாடியிருந்து, நம்ம கல்யாணத்துக்காடான்னு கேட்டுச்சு. ஆமாம்மான்னேன். நல்லாருக்குடா, இன்னொருக்கா போடுன்னுச்சு."

அவன் மறுபடி நாற்காலியை எடுத்து அடுக்கின் மேல் வைத்தான்.

"போட்டேன்க்கா" என்றான்.