செலவாகாத வெளிச்சம்

கண் செலவழிக்காத வெளிச்சம் வேறெங்கே போகும், உரியவளைத் தேடித்தான் வந்து சேரும் என்று அவள் நினைத்துக்கொள்வாள். யாரிடமும் சொன்னதில்லை. பொருளாதாரம் படித்தவள் இப்படிப் பேசினால் பட்டத்தைத் திருப்பிக் கேட்பார்கள். பிறவியிலேயே பார்வையற்ற அவளுடைய பங்கு வெளிச்சம், அவள் இருந்த அறைகளிலெல்லாம் வந்து தங்கியது. பள்ளி விடுதியில் கதவிடுக்கில் கசிந்தது. பிற்பாடு அவள் பாடம் நடத்திய கல்லூரி வகுப்பில் விளக்கைப் போடாமல் மின்விசிறியை மட்டும் போட்டார்கள். அவள் அறிந்ததெல்லாம் அதன் இளஞ்சூடு. மடியில் பூனை படுத்திருப்பதுபோல.

கல்யாணமான புதிதில் கணவர் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் திரை வாங்கி மாட்டினார். வெளிச்சம் உள்ளேயிருந்தே வருகிறது என்பது அவருக்கு உறைக்க ஒரு மழைக்காலம் ஆயிற்று. பிறகு கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்துப் பார்த்தார். "உன்மேல ஒரு குறையும் இல்லம்மா. எனக்குத் தூக்கம் வேணும்," என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. எப்போதாவது தொலைபேசியில் கொட்டாவி விட்டபடி நலம் விசாரிப்பார். துணைக்கு வந்த தங்கையும் ஒரே வாரத்தில் கண் சிவந்து பெட்டியைக் கட்டினாள்.

மின்கட்டணம் பற்றி அவள் எழுதிய கட்டுரைகள் அவளை அரசியலுக்குள் இழுத்தன. சில வருடங்களில் மின்துறைக்கே அமைச்சரானாள். மீட்டர் ஓடாத வீடு இப்படி ஒளிர்வதைக் கண்டு மின்துறை ஊழியர் ஒருவர் கூரைவரை ஏறினார். "அமைச்சர் வீட்லயே கொக்கி போட்டா எப்படிம்மா?" என்று அங்கலாய்த்தவர், ஒரு கம்பியும் அகப்படாமல் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். மின்பஞ்சம் வந்த ஆண்டு, அவள் மின்வெட்டைச் சந்துக்கும் பெரிய வீதிக்கும் சமமாகப் பங்கிட்டாள். பெரிய வீதி பொறுக்கவில்லை. பதவி போயிற்று, காரும், செயலாளரும், காலையில் வணக்கம் சொல்லும் அத்தனை குரல்களும் கூடவே போயின. வீட்டில் கடிகாரமும் அவளும்தான்.

சந்துகள் மறுபடி இருண்டன. மாலை வேளைகளில் தையல்காரிகள் சிலர் அவள் வாசற்படியில் வந்து உட்கார்ந்து, திறந்த கதவின் வெளிச்சத்தில் பித்தான் தைத்தார்கள். உள்ளே வரவில்லை, பழைய மந்திரியிடம் என்ன பேசுவது? அவர்கள் பல்லால் நூலைக் கடிக்கும் சத்தத்துக்காக அவள் பகலெல்லாம் காத்திருந்தாள்.

தேர்தலுக்கு முன்னால் கட்சித் தலைவர் வந்தார். கையால் கண்ணை மறைத்துக்கொண்டே நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"அக்கா, நீங்க மேடையில வந்து உக்காந்தா போதும். ஊரே இருட்டுல கிடக்கும்போது நம்ம மேடை மட்டும் ஜொலிக்கணும். தேர்தல் முடியறவரைக்கும் என்கூடவே இருங்க. பதவி மறுபடி உங்களுக்குத்தான்."

"நான் பேசணுமா?"

"உங்களுக்கு எதுக்குக்கா அந்தச் சிரமம்? அதுக்குத்தான் நான் இருக்கேனே."

அவளுக்குக் காலையில் வணக்கம் சொன்ன குரல்கள் நினைவுக்கு வந்தன. காரின் கதவு திறக்கும் ஓசை, பக்கத்தில் யாரோ ஒருவருடைய மூச்சு. ஆசையாகத்தான் இருந்தது. வாசலில் யாரோ நூலைக் கடித்தார்கள்.

"இல்லப்பா, நான் வரல."

"இங்க ஒண்டியா உக்காந்து என்னக்கா பண்ணப்போறீங்க?"

அவர் எழுந்து நடக்கும் செருப்புச் சத்தம் வாசலை எட்டியது.

"கதவைச் சாத்திடாதே," என்றாள். "வெளியில வேலை நடக்குது."