தொட்டியில் மிதந்த முகம்

ஹைதராபாத்தை ஒட்டிய உப்பலில் இருந்த அந்த அட்டை மில்லுக்கு முறையான பெயர்ப்பலகை உண்டு. ஆனால் ஆட்டோக்காரனிடம் அந்தப் பெயரைச் சொன்னால் திருதிருவென்று விழிப்பான். நாற்றக் கம்பெனி என்றால் வாசலிலேயே கொண்டுவந்து இறக்குவான். ஊரார் வேண்டாமென்று எறிவதை வாங்கியே முதலாளி சீதாராமன் வீடு கட்டினார். அதிலும் மற்ற மில்காரர்கள் கிட்டே சேர்க்காத சரக்கின் மேல்தான் அவருக்குக் கண். வெளியே பழுப்புக் காகிதமும் உள்ளே பிளாஸ்டிக்குமாக ஒட்டிப் பிறந்த மூட்டைப் பைகள். காகிதம் வாங்குகிறவன் பிளாஸ்டிக் இருக்கிறது என்று ஒதுக்குவான். பிளாஸ்டிக் வாங்குகிறவன் காகிதம் இருக்கிறது என்று ஒதுக்குவான். இரண்டுங்கெட்டான் சரக்கு சல்லிசாகக் கிடைக்கும்.

ஜீடிமெட்லா மருந்துக் கம்பெனிகளிலிருந்து லாரியில் வந்து இறங்கும் அந்தப் பைகளைக் காஸ்டிக் சோடா கலந்த வெந்நீர்த் தொட்டியில் போட்டு, அடியிலே பிளேடைச் சுழல விடுவார்கள். காகிதம் கரைந்து கூழாகிக் கீழே இறங்கும். பிளாஸ்டிக் மட்டும் உரித்த தோலாக மேலே மிதக்கும். அதைக் கொக்கி கட்டிய மூங்கிலால் இழுத்து வெளியே போடுவது யாதம்மாவின் வேலை. கூழ், செருப்புப் பெட்டிக்கு அட்டையாகும். பிளாஸ்டிக்கை வாளி செய்கிறவன் எடைக்கு எடுத்துப் போவான்.

ஷிப்ட் சூப்பர்வைசர் ஜெயகரன் ஒரு விஷயத்தில் கறார். எந்தப் பையானாலும் உள்பக்கத்தை வெளியே திருப்பி, உதறிவிட்டுத்தான் தொட்டியில் போட வேண்டும். கல்லோ கம்பியோ உள்ளே கிடந்தால் பிளேடு போய்விடும். யாதம்மா ஒரு பையை உதற மறந்தால் போதும், அன்று பூராவும் அவள் தலையை உருட்டுவான். ஆனால் ஊருக்கு வெளியே இருந்த பெரிய அரசாங்கத் தொழிற்சாலையின் பைகள் வந்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பிரிக்க வேண்டாம், அப்படியே தள்ளு என்பான். அந்த இடத்துத் தூசிகூடத் தன்மேல் படக் கூடாது என்று அவனுக்கு ஒரு வைராக்கியம்.

அவன் அண்ணன் எட்வர்ட் அங்கேதான் ஃபிட்டராக இருந்தான். எழுபத்தொன்பதில் ஒரு நாள் காலை டிபன் கேரியரோடு வேலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போகும்போது அடையாளக் கார்டை கேட்டில் கொடுத்துவிட வேண்டும். காவலாளி அதைப் பலகையில் மாட்டிவைப்பான். வேலை முடிந்து போகும்போது அதை வாங்கிக்கொண்டு போக வேண்டும். கார்டு தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான். கொக்கி காலியென்றால் ஆள் போய்விட்டான். கார்டு வாங்காமல் அந்த கேட்டைத் தாண்டியவன் கிடையாது. வீட்டார் போய் விசாரித்தபோது அதிகாரிகள் பலகையைத்தான் காட்டினார்கள். எட்வர்டின் கொக்கி காலியாக இருந்தது. அவர் வெளியே போய்விட்டார், அதற்கு மேல் உங்கள் குடும்ப விஷயம் என்று கைகழுவிவிட்டார்கள்.

அதே மாதம் அங்கிருந்த டைப்பிஸ்ட் பெண் ஒருத்தி வேலையை விட்டுவிட்டுப் பம்பாய் போயிருந்தாள். அது போதாதா? சிக்கந்தராபாத் சபையில், 'ஜெபத்தில் வைத்துக்கொள்ளுங்கள்' என்ற முன்னுரையோடு கதை பெஞ்சு பெஞ்சாக நகர்ந்தது. எட்வர்டின் மனைவி ஐவி அதை நம்பினாள். ஜெயகரனும் நம்பினான். ஓடிப்போனவன்மேல் கோபப்படலாம், காணாமல் போனவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கோபம்தான் சுலபமாக இருந்தது.

எண்பத்தாறாம் வருஷ மழைக்காலத்தில், ஒரு முற்பகல், அந்தத் தொழிற்சாலையின் பைகள் வந்தன. வழக்கம்போலப் பிரிக்காமல் தள்ளச் சொன்னான். சுவிட்சைப் போட்டதும் அவன்தான். தண்ணீர் கலங்கி, நுரைத்து, அடங்கி, பிளாஸ்டிக் மேலே வரத் தொடங்கியது. யாதம்மா மூங்கிலை நீட்டினாள். நீட்டிய கையோடு நின்றுவிட்டாள்.

"சார், நீள்ளல்லோ மொகாலு உன்னாயி."

தண்ணீரில் முகங்கள் இருக்கின்றன என்கிறாள். இவளுக்குக் காலையிலேயே ஏறிவிட்டதா என்று முணுமுணுத்தபடி ஜெயகரன் எட்டிப் பார்த்தான். இருந்தன. கண்ணாடி போன்ற சிறு சிறு தகடுகளில் ஆண்களின் முகங்கள், மல்லாந்து, மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

பிறகுதான் விளங்கியது. பிளாஸ்டிக் உறை போட்ட பழைய அடையாளக் கார்டுகள். ரிட்டையர் ஆனவர்களுடையதும் செத்தவர்களுடையதுமாக ஆபீசுக்குத் திரும்பி வந்தவை. அலமாரியைக் காலி செய்தபோது யாரோ பைகளுக்குள் கொட்டியிருக்கிறார்கள். பிளேடு விளிம்பைக் கீறியதும் தண்ணீர் புகுந்து கார்டைக் கரைத்துவிட்டது. போட்டோவின் மேல்தோல் மட்டும் பிளாஸ்டிக்கை விடாமல் பிடித்துக்கொண்டது. யாதம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மூங்கிலால் ஒவ்வொன்றாகக் கரையேற்றினாள். ஏதோ பிணத்தைத் தொடுகிற மாதிரி அவ்வளவு மெதுவாக இழுத்தாள்.

அவற்றில் ஒன்று எட்வர்ட்.

ஜெயகரன் அதைக் கையில் எடுத்தான். அண்ணனின் நெற்றி வழியாகத் தன் உள்ளங்கை ரேகை தெரிந்தது. இது எப்படி அங்கே இருக்கும்? வெளியே போனவன் கார்டைக் கையோடு அல்லவா கொண்டுபோயிருப்பான்? வேறு ஏதாவது வழி இருக்குமா என்று மனம் சுற்றிச் சுற்றி வந்தது, ஒன்றும் அகப்படவில்லை. யாரோ அன்றைக்கே கார்டைப் பலகையிலிருந்து கழற்றி ஒளித்திருக்கிறார்கள். அண்ணன் அந்த கேட்டைத் தாண்டவே இல்லை. எந்தக் குழியில், எந்த மெஷினுக்கு அடியில் கிடக்கிறானோ, உள்ளேதான் இருக்கிறான்.

போலீஸுக்கு ஓடலாமென்றால் எதைக் காட்டுவது? பெயர், நம்பர், தொழிற்சாலையின் முத்திரை எல்லாம் காகிதத்தில் இருந்தவை, காகிதம் கூழாகிவிட்டது. பைகளை உதறச் சொல்லியிருந்தால் கார்டு முழுசாகக் கையில் விழுந்திருக்கும். ஊரிலுள்ள பைகளையெல்லாம் உதறியவன் இதை மட்டும் உதறவில்லை. தொட்டி விளிம்பில் உட்கார்ந்து ஜெயகரன் அழுதான். யாதம்மா போய்ச் சுவிட்சை அணைத்தாள்.

சாயங்காலம் மெட்டுகுடாவில் ஐவியின் வீட்டுக்குப் போனான். அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, கதவைத் தாழிட்டுவிட்டுப் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். எப்போதுமே அந்நேரத்துக்கு அவள் கதவு தாழிட்டிருக்கும். அவன் குரல் கேட்ட பிறகுதான் திறந்தாள்; திறந்தவள் உடனே மறுபடி தாழிட்டாள்.

நடந்ததைச் சொல்லி அந்தத் தகட்டைக் கையில் கொடுத்தான். ஐவி அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"மீச வெச்சிருந்தப்போ எடுத்தது" என்றாள். பிறகு, "அப்போ அவ்வொ பம்பாய்க்குப் போவலியா?"

"எங்கயும் போவல, மைனி. கேட்டுக்கு வெளியவே வரல."

"நல்லாத் தெரியுமா?"

"கார்டு அங்கேயே கெடந்திருக்கே. ஆளு எப்படி வர முடியும்?"

ஐவி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ தெனமும் வாசல்ல வந்து நின்னது யாரு?"

ஜெயகரன் தாழிட்ட கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"ஷிப்ட் விட்டு வார நேரத்துக்கு வருவாவ" என்றாள் ஐவி. "தட்ட மாட்டாவ. கூப்பிட மாட்டாவ. கிரீஸ் வாட வரும், நிக்காவன்னு தெரியும். அவ தொரத்திவிட்டுட்டா போல, மூஞ்சியக் காட்ட வெக்கப்பட்டு நிக்காவன்னு நெனச்சேன். அவகிட்டயே போங்க, இங்க ஒங்களுக்கு யாரும் இல்லன்னு உள்ள இருந்தே சொல்லிருவேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சிருவ. ஒன் அண்ணன்லா."

"எவ்வளவு நாளா மைனி?"

"நேத்தும் சொன்னேன்."

அவள் எழுந்தாள். தாழை நீக்கி, கதவின் இரண்டு பக்கத்தையும் விரியத் திறந்தாள். ஆள் நுழைய வழிவிடுகிறவளாகச் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். "உள்ள வாங்க, அத்தான்" என்றாள். தன்னை அறியாமல் ஜெயகரன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். மழை ஓய்ந்த சந்து வெறிச்சென்று கிடந்தது. எதிர்வீட்டுக்காரி கொடியில் துணியைப் போட்டுக்கொண்டே இவர்களை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கிரீஸ் வாடை வரவில்லை. இருட்டும்வரை ஐவி அப்படியே நின்றாள்.

மறுநாளும் திறந்துவைத்தாள், அதற்கடுத்த நாளும். மழைக்காலம் போய்க் குளிர் வந்த பிறகும் அந்நேரத்துக்கு அந்தக் கதவு திறந்தே கிடந்தது. யாரும் வரவில்லை. நடந்தது என்னவென்று வீட்டுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அண்ணன் வந்துகொண்டிருந்தான், தெரிந்துவிட்டது, ஓய்ந்துவிட்டான் என்று ஜெயகரன் தனக்குத்தானே ஒரு சமாதானம் செய்துகொண்டான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு சாயங்காலம், திறந்த கதவருகே போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஐவியிடம் அதைச் சொல்லவும் சொன்னான்.

"இனி கதவச் சாத்துங்க, மைனி. அண்ணன் நிம்மதியாப் போயிட்டான்."

"நக்கோ, வேண்டாம், எனக்கு ஆறுதல் சொல்லாத" என்றாள் ஐவி, சந்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அவ்வொ போனது எனக்குத் தெரியும். நாந்தான தெனமும் போவச் சொன்னேன்."