நீலத் துணி ஆறு

மடிக்கணினியைத் தகப்பனின் கால்மாட்டில் நிமிர்த்தி வைத்துவிட்டு, தலையணையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள் சுபோதினி. இனிச் செய்ய ஒன்றுமில்லையென்று ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளவத்தை ஃபிளாட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். இன்றோ நாளையோ என்றாகிவிட்டது. தாய் போன நேரம் இவள் கன்டீனில் பிளேன்டீக்கு நின்றவள். தகப்பனையாவது கையைப் பிடித்திருந்து அனுப்பவேண்டும். அதைத் தவிர வேறொன்றும் அவள் கடவுளிடம் கேட்கவில்லை.

"இந்த நேரத்திலயும் இந்தக் கூத்தே? அண்ணைக்குச் சிவபுராணம் படிப்பம் பிள்ளை," என்றாள் தகப்பனின் தங்கை நாகேஸ்வரி மாமி. புத்தகம் அவள் மடியில் விரிந்தே இருந்தது.

"அது... முடியட்டும்," என்றார் தகப்பன் இராசரத்தினம்.

மனுசன் இரண்டு வருசத்துக்கு முன் மழைக்கு ஒதுங்க ஒரு மண்டபத்துக்குள் போனவர். உள்ளே ஜப்பானிய சாமுராய் நாடகம். மேடையில் நடித்ததை அப்படியே படமெடுத்துத் திரையில் காட்டினார்களாம். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். வாள், பொய்மயிர், கத்தல், ஒருத்தன் சாக அரை மணித்தியாலம் என்று சுபோதினி பகிடி பண்ணினாளே தவிர, ஒருநாளும் கூட இருந்து பார்த்ததில்லை. இன்றைக்கு வேறு வழியில்லை. அவர் கை அவள் கைக்குள் இருந்தது.

முதலில் அலுப்பாகத்தான் இருந்தது. பிறகு கமெரா கிட்டப் போனது. கிழச் சாமுராயின் முகப்பூச்சைக் கரைத்துக்கொண்டு வியர்வை இறங்கியது. இருட்டுக்குள் பார்க்க வந்த யாரோ இருமினார்கள். இரண்டு பேர் நீலத் துணியொன்றை மேடைக்குக் குறுக்கே பிடித்து ஆட்டினார்கள், அதுதான் ஆறு. அக்கரையில் கிழவன் தூக்கி வளர்த்த பிள்ளை, இப்போது எசமானின் எதிரி. வெட்டிவிட்டு வரவேண்டும் என்பது கட்டளை. துணிதானே என்று தெரிந்தும், கிழவன் அதற்குள் காலை வைத்தபோது, ஐயோ, குளிருமே என்று இவளுக்குப் பதறியது. தகப்பன் அவள் விரலை அழுத்தினார்.

"விளங்குது அப்பா," என்றாள். உண்மையாகவே விளங்கியது. இவ்வளவு நாளும் இதையா விட்டேன் என்று வெட்கமாயும் இருந்தது.

மாமி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"கொஞ்சம் பொறுங்கோ மாமி!" பிறகு தகப்பனிடம், "வெட்டமாட்டான், என்னப்பா?" என்றாள்.

விரல் அசையவில்லை. கண்ணயர்ந்திருப்பார் என்று நினைத்து, திரையிலிருந்து கண்ணெடுக்காமல் முடியும்வரை பார்த்தாள்.

திரையில் கைதட்டல் எழ, மாமி வந்து அண்ணனின் பாதத்தைத் தொட்டாள். மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தாள்.

"சுபோ... அண்ணை எப்ப போனவர்?"

சுபோதினி குனிந்து தகப்பனின் முகத்தைப் பார்த்தாள்.

"நாலரைக்குத் தசமி முடியுது பிள்ளை. திவசத்துக்குத் திதி தெரியவேணும். கையைப் பிடிச்சிருந்தது நீதானே?"

மணி நாலு நாற்பது. அவள் நாடகத்தைப் பின்னுக்கு இழுத்தாள். ஆறு விரிந்த இடத்தில் தகப்பன் விரலை அழுத்தினார். வெட்டமாட்டான்தானே என்று இவள் கேட்ட இடத்தில் அழுத்தவில்லை. அங்கிருந்து முடிவுக்கு இருபது நிமிசம்.

"நாலு இருபது மட்டில. தசமிதான்," என்றாள். "நான் காணேல்ல மாமி. கையை வைச்சுக்கொண்டு படம் பாத்தனான்."

மாமி அண்ணனின் கண்களை மூடிவிட்டாள்.

"அவரும் அதைத்தானே பாத்தவர்," என்றாள். பிறகு, "அந்தக் கிழவர் கடைசியில வெட்டினவரோ?" என்று கேட்டாள்.

"இல்லை. வாளை ஆத்தில போட்டிட்டார்."

"ம்," என்றாள் மாமி. வெள்ளைத் துணியில் ஒரு கீலம் கிழித்து, அண்ணனின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டத் தொடங்கினாள்.